வாங்கில் இருப்பவருக்கும் வாய் உண்டு

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோரே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'திருச்சபைக்கு மரபுவழி வழக்கங்கள் பலமா, பாரமா?' என்பது தலைப்பு. பாரமே என்று வாதாட வந்திருக்கிறேன். இதே திருகோணமலையில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பாடசாலையில் வசனம் ஒப்புவித்து வளர்ந்த ஆள் நான். சபை எனக்கு வீடு. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார். 'சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது.' ஆகவே ஆராதனை முறையில் யாரும் கைவைக்கக் கூடாது, கைவைத்தால் ஒழுங்கு குலைந்துவிடும் என்றார். நல்ல வசனம். ஆனால் அது அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஒன்று கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம். ஐயா, அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே போய் 26ஆம் வசனத்தை வாசியுங்கள். நீங்கள் கூடிவரும்போது ஒருவர் சங்கீதம் பாடுகிறார், ஒருவர் போதிக்கிறார், இன்னொருவர் வெளிப்பாட்டைச் சொல்கிறார் என்று பவுல் எழுதுகிறார். 30ஆம் வசனம் அதற்கும் ஒரு படி மேலே. உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு ஏதாவது வெளிப்பட்டால், முதலில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட வேண்டுமாம்! பவுல் கேட்ட கிரமம் அது. பலர் பேசும் கூட்டத்துக்குத்தான் ஒழுங்கு தேவைப்படும். ஒருவர் மட்டும் பேசி மற்றவர்கள் வாய் மூடி இருக்கும் இடத்தில் ஒழுங்குபடுத்த என்ன இருக்கிறது?

அதே அதிகாரம் பெண்களைப் பேசாமல் இருக்கச் சொல்கிறதே என்று கேட்பீர்கள். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம், பெண்கள் சபையில் ஜெபம் பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடக்கிற காரியமாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்போம் என்பதே என் வேண்டுகோள்.

இப்போது நம் சபைகளைப் பாருங்கள். பின் வரிசை வாங்கில், அந்த நீள இருக்கையில், ஓர் அம்மா இருக்கிறார். காணாமற்போன மகனின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஜெபிக்கிறவர். இப்படி ஒரு தாய் இல்லாத சபை இந்த மாவட்டத்தில் இருக்குமா என்பதே சந்தேகம். பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் நடக்கிறது. போதகர் நல்லவர், படித்தவர், கஷ்டப்பட்டுத் தயார் செய்திருக்கிறார். ஆனால் பொறுமையைப் பற்றி அந்தக் கட்டடத்தில் அதிகம் அறிந்தவர் யார்? அந்த அம்மாவை எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று இத்தனை வருஷத்தில் யாராவது கேட்டிருக்கிறோமா? அவர் வருகிறார், இருக்கிறார், எழும்புகிறார், ஆமென் சொல்கிறார், போகிறார். இதை வழிபாட்டு மரபு என்கிறோம். எனக்கு நெஞ்சு வலிக்கிறது, நடுவர் அவர்களே.

இது முன்னோர் தந்த முறை என்று எதிரணி சொல்கிறது. எந்த முன்னோர்? பவுலின் ரோமர், கொலோசெயர், பிலேமோன் நிருபங்களில் எல்லாம் 'வீட்டிலே கூடுகிற சபை'தான் வருகிறது. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோப்போஸ் என்ற இடத்தில், 3ஆம் நூற்றாண்டுச் சபை ஒன்றை மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். அது ஒரு குடியிருப்பு வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரு கூடமாக்கியிருந்தார்கள். அவ்வளவுதான். 313இல் ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீன் காலத்தில் கிறிஸ்தவத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்த பிறகுதான் அரச மண்டபங்களின் பாணியில் பெரிய ஆலயங்கள் எழும்பின. வரிசை வரிசையாக நாம் இருக்கிற வாங்குகள் அதற்கும் பல நூற்றாண்டு பிந்தியவை. கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்போஸ்தலர் காலத்திலிருந்து வந்தது என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள் என்கிறேன்.

அடுத்தது காணிக்கை. இதில்தான் எனக்கு அதிக ஆதங்கம். நான் அறிந்த ஒரு சபையில் வருஷக் கடைசியில் சந்தாப் பட்டியலை வாசிப்பார்கள். பெயர், தொகை, பெயர், தொகை. பெரிய தொகை வரும்போது குரல் உயரும். அது எந்த மாதம்? மார்கழி. வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதம். வள்ளங்கள் கரையில் கிடக்கும். கடலை நம்பி வாழும் குடும்பங்கள் அரிசியைக் கடனுக்கு வாங்கும் நேரம். அந்த நேரம் பார்த்துப் பட்டியல். தன் பெயர் வரும்போது ஒரு தகப்பன் பிள்ளையின் தலையைத் தடவுகிற சாக்கில் கீழே குனிவதை நான் பார்த்திருக்கிறேன். 'இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?' என்று கொரிந்து சபையைப் பவுல் கேட்ட கேள்வி நமக்கும்தானே?

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, வேதத்தில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா மூன்றாம் அதிகாரத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். உபாகமம் 14ஐ யார் சொல்கிறோம்? மூன்றாம் வருஷத் தசமபாகத்தை ஊர் வாசலில் வை, லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடையட்டும் என்கிறது அது. விதவை அங்கே பெறுகிறவள். நம் பட்டியலில் பாக்கி வைத்தவள்! தசமபாகம் கொடாதவரைச் சபைக்குப் புறம்பாக்குவோம் என்று விதித்தது 585இல் இன்றைய பிரான்சில் உள்ள மாக்கோனில் கூடிய ஆயர் மன்றம். பவுலோ 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்றுதான் எழுதினார்.

கட்டாயத்தால் விசுவாசம் நிலைக்காது என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம், நம் திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டையைப் பாருங்கள். அதை ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வைத்திருந்த காலத்தில், அவர்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் அரசாங்கப் பதவி வேண்டுமானால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பதிவேடுகள் நிரம்பின. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. கட்டாயம் தளர்ந்ததும் பதிவேட்டில் இருந்த சனத்தில் பெரும்பகுதி மெல்ல மெல்லச் சபையை விட்டுக் கழன்றது.

மாற்றினால் சபை சிதறும் என்ற பயம் எதிரணிக்கு. கத்தோலிக்க நண்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் தாத்தா பாட்டிமார் லத்தீனில் பூசை கண்டவர்கள், குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று ஜெபித்ததைக் கண்டவர்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. அப்புறம் தமிழில் பூசை வந்தது. கோயில் சிதறியதா? பாலையூற்று லூர்து அன்னை திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்க நேரத்தைச் சபையாருக்குக் கொடுங்கள். வாங்குகளை வட்டமாகப் போட்டுப் பாருங்கள். பட்டியல் வாசிப்பதை இந்த மார்கழியிலேயே நிறுத்துங்கள். காணிக்கையில் ஒரு பங்கைக் கடலுக்குப் போக முடியாத வீடுகளுக்கு யாருக்கும் தெரியாமல் அனுப்புங்கள். இவற்றில் எது வேதத்துக்கு விரோதம் என்று எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதிகாரம், வசனத்தோடு காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.