பின்பெட்டியில் இருக்கும் வரலாறு

அவையோருக்கு வணக்கம்.

கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் விக்டோரியா நினைவகத்தையும் ஹௌரா பாலத்தையும் தவறாமல் பார்க்கிறார்கள். எஸ்பிளனேடு டிராம் நிலையத்தில் இருக்கும் ‘ஸ்மரணிகா’வையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன். 1938ஆம் ஆண்டின் இரட்டைப் பெட்டி டிராம் வண்டி ஒன்றைத்தான் 2014இல் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். முன்பெட்டியில் தேநீர் அருந்தலாம். பின்பெட்டியில் பழைய டிக்கெட்டுகள், ஊழியர்களின் தொப்பிகள், அடையாள வில்லைகள், புகைப்படங்கள்.

பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் அந்த டிக்கெட்டுகளுக்கு முன்னால் சற்று நில்லுங்கள். அந்நாளில் கொல்கத்தா டிராமில் முன்பெட்டி முதல் வகுப்பு, பின்பெட்டி இரண்டாம் வகுப்பு. தொழிலாளர்களும் சிறு சம்பளக்காரர்களும் ஏறியது பின்பெட்டியில்தான். 1953 ஜூலையில், லண்டனில் பதிவான டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரு பைசாவைக் கூட்டியது. அன்றைய கணக்கில் அது காலணா. நகரமே கொதித்தெழுந்தது. மக்கள் பழைய கட்டணத்தை மட்டும் நீட்டினார்கள், டிராமைப் புறக்கணித்தார்கள், தடையுத்தரவை மீறிச் சிறைக்குப் போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள் உயர்வு கைவிடப்பட்டது. காலணாவுக்கா இத்தனை பாடு என்று கேட்பவர்கள், தினமும் இருமுறை அதைக் கொடுத்தாக வேண்டியவரின் மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

நம் சென்னையின் கதையும் அதே ஆண்டோடு பிணைந்தது. கொல்கத்தாவில் மின்சார டிராம் 1902இல்தான் வந்தது. சென்னையில் 1895இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அதற்கு முன் எந்த ஊரிலும் அது ஓடியதில்லை. அந்த டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. கம்பெனி நொடித்துப்போனதும் நகரம் அதை இழந்தது. கொல்கத்தாவிலோ 1967இல் மாநில அரசே நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. குறைந்த கட்டணமும் வேண்டும், வண்டியும் ஓட வேண்டும் என்றால் நட்டத்தைப் பொதுப் பணம் தாங்கத்தான் வேண்டும். இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அங்கேயும் இன்று பெரும்பாலான தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. நகரின் நடுவிலுள்ள ‘மைதான்’ திடலை ஒட்டிய ஒரு தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024இல் அரசே அறிவித்தது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தாத்தாவின் பெட்டியில் பழைய டிராம் டிக்கெட்டோ, பஸ் பாஸோ, நடத்துநர் வில்லையோ கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். அது யாருடையது, எந்தத் தடத்தில் போனார், என்ன வேலை பார்த்தார் என்பதைத் தனித்தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். ஓய்வுபெற்ற ஓட்டுநரோ நடத்துநரோ உங்கள் தெருவில் இருந்தால், அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கட்டணம், சம்பளம், வேலைநிறுத்தம் எல்லாவற்றையும் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாயிலருகே இருப்பேன். அப்படி ஏதேனும் வைத்திருப்பவர்கள் அங்கே வந்து பேசுங்கள்.