கதவு வேணாம், ஏணி போதும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு லண்டன்ல இருக்குற ரிச்மண்ட் பார்க் பத்தி பேசப்போறேன். பார்க்னதும் ஊஞ்சல், சறுக்குமரம்னு நினைச்சுடாதீங்க, கிட்டத்தட்ட 2,500 ஏக்கர், இப்பவும் 600-க்கு மேல மான் உள்ள மேயுது. 2011-ல ஒரு நாய் மான் கூட்டத்த துரத்த, பின்னாடியே ஓனர் "ஃபென்ட்டன், ஃபென்ட்டன்"னு கத்திக்கிட்டு ஓடுன வீடியோ வந்துச்சே, அது இங்க எடுத்ததுதான்.

1625-ல லண்டன்ல பிளேக். முதலாம் சார்லஸ் ராஜா தப்பிச்சா போதும்னு ரிச்மண்ட் அரண்மனைக்கு வந்துட்டாரு, ஆனா வேட்டை ஆசை மட்டும் விடல, பக்கத்துல இருந்த மேய்ச்சல் நிலம், அடுத்தவங்க வயல் எல்லாத்தையும் சேத்து வளைச்சு 1637-ல சுத்தி சுவர் எழுப்பிட்டாரு, எட்டு மைல் சுவர்! ஜனங்க கொதிச்சதுல நடந்துபோற வழியையும் விறகு பொறுக்குற உரிமையையும் மட்டும் விட்டாரு. 1649-ல அவரு தலையே போயிடுச்சு, அது தனிக்கதை.

நூறு வருஷம் கழிச்சு, 1751-ல, இரண்டாம் ஜார்ஜோட பொண்ணு அமீலியா பார்க்குக்கு ரேஞ்சரா, அதாவது பொறுப்பாளரா வந்தாங்க. வந்த கையோட, வேண்டப்பட்டவங்க, பெர்மிட் வாங்குனவங்க தவிர யாரும் உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. ரிச்மண்ட் ஊர்ல பீர் காய்ச்சி வித்துக்கிட்டிருந்த ஜான் லூயிஸ் சும்மா விடல, கேட்டுல போய் நின்னாரு, தடுத்தாங்க, கேஸ் போட்டாரு. கவனிங்க, இளவரசி மேல இல்ல, தடுத்த கேட் கீப்பர் அம்மா மார்த்தா கிரே மேல! பாவம் அந்தம்மா சம்பளத்துக்கு நின்னவங்க, ஆனா வேற வழியில்ல.

1758-ல லூயிஸ் ஜெயிச்சாரு. நீதிபதி மைக்கேல் ஃபாஸ்டர், உனக்கு கதவு வேணுமா, சுவர்மேல ஏறி இறங்க ஏணிப்படி வேணுமான்னு கேட்டாரு. நம்மள கேட்டா கதவுன்னுதானே சொல்லுவோம்? இந்த மனுஷன் ஏணி கேட்டாரு. ஏன்னா மான் வெளிய போகாம இருக்க கதவ சாத்தித்தான் வைக்கணும், இன்னிக்கு சாத்துறவன் நாளைக்கு தாழ்ப்பாள் போடுவான், ஏணிக்கு தாழ்ப்பாள் கிடையாதே.

அதுலயும் வேலைய காட்டுனாங்க, சின்னப் பசங்களும் வயசானவங்களும் ஏறவே முடியாதபடி படிக்குப் படி அவ்ளோ இடைவெளி விட்டு வச்சாங்க. லூயிஸ் மறுபடி அதே நீதிபதிகிட்ட போய் நின்னாரு. அவரும், நானே பாத்தேன்யா, கிழவிங்க கூட ஏறுற மாதிரி மாத்திக் கட்ட வைன்னுட்டாரு. 1761-ல அமீலியா ரேஞ்சர் பதவிய விட்டுட்டுப் போயிட்டாங்க.