ரத்தத்தில இரும்பு குறைஞ்சால்: குளிசை வாங்க முதல் தெரிஞ்சிருக்க வேண்டியது

[திரையில்: ஒரு ரத்தப் பரிசோதனை றிப்போர்ட். ஹீமோகுளோபின் 12.3. அதுக்குக் கீழ பெரிட்டின் 9.]

வணக்கம். இது ஒரு முப்பது வயதுப் பெண்ணின்ர றிப்போர்ட் எண்டு வைச்சுக்கொள்ளுவம். ஹீமோகுளோபின் 12.3. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழ போனாத்தான் ரத்தச்சோகை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்ப இதைப் பாத்திட்டு "ரத்தம் காணும்" எண்டு மடிச்சு வைச்சிடுவம். ஆனால் இவவுக்குப் படி ஏறினால் இளைக்குது. தலைமயிர் கொட்டுது. பின்னேரத்துக்குப் பிறகு ஒரு வேலையும் ஓடுதில்லை. சில நாள் அரிசி புடைக்கேக்க பச்சை அரிசியை அள்ளி வாயில போடவேணும் போல கிடக்குது.

விசயம் கீழ இருக்கிற இலக்கத்தில இருக்கு.

[திரையில்: பெரிட்டின் 9 எண்ட இலக்கம் பெரிசாகுது.]

உடம்பு சேமிச்சு வைச்சிருக்கிற இரும்பு எவ்வளவு எண்டு காட்டுறதுதான் பெரிட்டின். ஒரு லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ போனால் கையிருப்பு முடிஞ்சுது. கன டொக்டர்மார் 30க்குக் கீழ வந்தாலே கவனிக்கத் தொடங்குவினம். மூட்டையில நெல்லு முடிஞ்சாலும் பானையில சோறு இருக்கும்தானே, அந்த நிலைமைதான் இது. ஹீமோகுளோபின் குறையிறது கடைசியில. அதால சோர்வுக்கு ரத்தம் சோதிக்கப் போறவை பெரிட்டினும் பாக்கவேணுமோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ. காய்ச்சல் கிடக்கேக்க அதைப் பாத்தால் இலக்கம் கூடிக் காட்டும், உண்மை தெரியாது. சுகமான பிறகு பாக்கிறதுதான் நல்லம்.

[திரையில்: உடம்பின்ர வரைபடம். சிவப்பணுக்கள் சுத்தி வருது.]

பெரிய ஆக்களின்ர உடம்பில உள்ள முழு இரும்பும் 3, 4 கிராம்தான். அதில மூண்டில இரண்டு பங்கு ஹீமோகுளோபினுக்குள்ள. ஒரு சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் இருக்கும். அது அழிஞ்சாலும் உடம்பு அந்த இரும்பை வீசாது, எடுத்துப் புதுசு செய்யும். அதால ஒரு நாளைக்கு 1, 2 மில்லிகிராம் உள்ள போனாலே காணும். அப்ப ஏன் குறையுது?

கூடுதலா ரத்தம் வெளியால போறதாலதான். ஒரு மில்லிலீற்றர் ரத்தத்தில அரை மில்லிகிராம் இரும்பு இருக்கு. மாதவிடாயில 80 மில்லிலீற்றர் போனால் 40 மில்லிகிராம் இரும்பும் சேந்து போகுது. மாசாமாசம். எங்கட வீடுகளில இதை ஒருத்தரும் வாய்திறந்து கதைக்கிறேல்ல. "எல்லாருக்கும் உள்ளதுதானே பிள்ளை" எண்டு அம்மாவும் சொல்லுவா, அம்மம்மாவும் சொல்லுவா. இல்லை. மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாட் மாத்தவேண்டி வந்தால், கட்டி கட்டியாப் போனால், ஒரு கிழமைக்கு மேல நிக்காமல் போனால், அது மருந்து உள்ள ஒரு பிரச்சினை. டொக்டரிட்டச் சொல்லுங்கோ. தயவுசெய்து சொல்லுங்கோ. அந்த வாசலை அடைக்காமல் எவ்வளவு குளிசை போட்டும் நிரம்பாது.

ஆம்பிளையளுக்கும், மாதவிடாய் நிண்டுபோன அம்மாமாருக்கும் இரும்பு குறைஞ்சால் நான் இன்னும் கடுமையாச் சொல்லுவன்: குளிசையோட நிப்பாட்டாதேங்கோ. இரப்பையிலயோ குடலிலயோ எங்கையோ ரத்தம் கசியலாம். முழங்கால் நோவுக்கெண்டு மாசக்கணக்கா டைக்குளோபினக் போடுறவைக்கு வயித்துப்புண் வரலாம். பெருங்குடல் புற்றுநோயின்ர முதல் அறிகுறியே சிலருக்கு ரத்தச்சோகைதான். உள்ள கமரா விட்டுப் பாக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னால் பயந்து ஒளியாதேங்கோ.

இன்னொண்டு. தலசீமியா எண்டது பரம்பரையா வாற ஒரு ரத்தக் குறைபாடு. அந்தத் தன்மை உள்ளவைக்கும் சிவப்பணு சின்னனாத்தான் இருக்கும், றிப்போர்ட் பாக்க இரும்புக்குறைவு மாதிரியே தெரியும். ஆனால் அவைக்கு இரும்பு குறைவில்லை எண்டால் குளிசையால ஒரு நன்மையும் இல்லை, தேவையில்லாமல் இரும்பு சேரும். பெரிட்டின் பாக்கச் சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

[திரையில்: மேசையில மாதுளம்பழம், பீற்றூட், பேரீச்சம்பழம். பக்கத்தில கோழி ஈரல், முருங்கையிலை, தேசிக்காய்.]

சாப்பாட்டுக்கு வருவம். ரத்தம் குறைவு எண்டு கேள்விப்பட்டால் சொந்தக்காரர் வாங்கிக்கொண்டு வாறது மாதுளம்பழமும் பேரீச்சம்பழமும். அன்பான விசயம்தான். ஆனால் 100 கிராம் மாதுளையில இரும்பு 0.3 மில்லிகிராம் அளவுதான். பீற்றூட்டில 0.8. பேரீச்சம்பழத்தில 1 மில்லிகிராம் அளவு. பழத்தின்ர சிவப்பு வேற, இரும்பு வேற. கோழி ஈரலில 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 9 மில்லிகிராம் இருக்கு, அதுவும் உடம்பு சுகமா உறிஞ்சிற வகை. ஆட்டு ரத்த வறையும் அப்பிடித்தான். கர்ப்பிணியள் மட்டும் ஈரலைக் குறைக்கவேணும், அதில விற்றமின் ஏ கூட.

சைவச் சாப்பாட்டுக்காரருக்குக் கீரை, பயறு, கடலை, முருங்கையிலை எல்லாம் இருக்கு. ஆனால் மரக்கறி இரும்பு தனியாப் போனால் கொஞ்சம்தான் ஏறும். புளிப்பும் விற்றமின் சியும் கூட வந்தால் கூட ஏறும். சொதியை இறக்கின பிறகு தேசிக்காய்ப்புளி விடுற எங்கட வழக்கம் இதுக்கு அருமையாப் பொருந்தும். அடுப்பில கொதிக்கேக்க விட்டால் விற்றமின் சி அழிஞ்சுபோகும். எங்கட கூழைப் பாருங்கோ: மீன், நண்டு, றால், முருங்கையிலை, பழப்புளி எல்லாம் ஒரே சட்டியில. மீன் இறைச்சி கூட இருந்தால் இலையில உள்ள இரும்பும் நல்லா உறிஞ்சுப்படும்.

அவ்வளவும் சாப்பிட்டிட்டு என்ன செய்யிறம்?

[திரையில்: சாப்பிட்ட கோப்பைக்குப் பக்கத்தில ஆவி பறக்கிற பிளேன்ரீ.]

சாப்பிட்ட கையோட ஒரு பிளேன்ரீ. தேயிலையில உள்ள தனின் இரும்பைக் கட்டிப்பிடிச்சு வைச்சிருக்கும். மரக்கறிச் சாப்பாட்டில உள்ள இரும்பு உறிஞ்சுப்படுறதைப் பாதிக்கு மேல குறைக்கக்கூடியது அது. பால்தேத்தண்ணி எண்டாலும் அதேதான், கோப்பி எண்டாலும் அதேதான். தேத்தண்ணியை விடச்சொல்லேல்ல, யாழ்ப்பாணத்தில ஆர் விடுவினம்! ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கோ. காசில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் இதைவிட வேற எனக்குத் தெரியேல்ல.

ஆனால் கையிருப்பு ஒருக்கா முடிஞ்சுபோனால் சாப்பாட்டால மட்டும் நிரப்ப ஏலாது. குளிசை வேணும்.

[திரையில்: பாமசி கவுண்டர். ஒரு அம்மாவும் பாமசிக்காரத் தம்பியும்.]

"தம்பி, ரத்தம் ஊற நல்ல குளிசை ஒண்டு தாங்கோ. விலை பறவாயில்லை."

"ஆருக்கு அக்கா?"

"மகளுக்கு. ஏ.எல். படிக்கிறா, ஒரே சோர்வு."

"றிப்போர்ட் ஏதும் இருக்கோ?"

"இல்லைத் தம்பி. நீங்கள் நல்லதாப் பாத்துத் தாங்கோவன்."

"முதல்ல ஒருக்கா ரத்தம் சோதிச்சிட்டு வாங்கோ அக்கா. அதுக்குப் பிறகு தாறன்."

இந்தத் தம்பி சொன்னதுதான் சரி. இப்ப அந்த அக்கா றிப்போர்ட்டோட திரும்பி வந்திட்டா எண்டு வையுங்கோ. எதை வாங்கிறது?

[திரையில்: இரண்டு பெட்டி. ஒண்டு பளபளப்பான கப்சூல் பெட்டி. மற்றது சாதாரணக் குளிசை அட்டை. கமரா சின்ன எழுத்துக்குக் கிட்டப் போகுது.]

பெட்டியைத் திருப்புங்கோ. முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விடுங்கோ. பின்னால "எலமென்ரல் அயன்" எண்டு ஒரு வரி இருக்கும், மூலக இரும்பு. அதுதான் உண்மையான இரும்பின்ர அளவு. 200 மில்லிகிராம் உலர் பெரஸ் சல்பேற்றில 65 மில்லிகிராம் இரும்பு இருக்கு. 200 மில்லிகிராம் பெரஸ் பியூமறேற்றிலும் 65 அளவுதான். 300 மில்லிகிராம் பெரஸ் குளுக்கோனேற் பாக்கப் பெரிசு, ஆனால் இரும்பு 35 மில்லிகிராம்தான். பளபளப்பான மல்ரிவிற்றமின் கப்சூல் கனத்தில 5, 10, 14 எண்டு நிக்கும். சுகமா இருக்கிறவைக்கு அது காணும். முடிஞ்சுபோன கையிருப்பை நிரப்பாது.

மெதுவாக் கரையிற வகை எண்டு விலைகூடின குளிசையும் இருக்கு. இரும்பு உறிஞ்சுப்படுறது சிறுகுடலின்ர தொடக்கத்தில. அந்த இடத்தைத் தாண்டிக் கரைஞ்சால் ஆருக்கு லாபம்? வயித்தைப் பிரட்டாது எண்டுறது உண்மை, ஆனால் உள்ள போறதும் குறைவு. நான் பழைய, மலிவான பெரஸ் சல்பேற்றைத்தான் முதல்ல சொல்லுவன். ஒத்துவரேல்ல எண்டால் அளவு குறைஞ்ச குளுக்கோனேற்றுக்கு மாறலாமோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ.

[திரையில்: கலண்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடையாளம்.]

முந்தி ஒரு நாளைக்கு மூண்டு தரம் போடச் சொல்லுவினம். இப்ப அப்பிடியில்லை. ஒருதரம் இரும்பு போனவுடன ஈரல் ஹெப்சிடின் எண்ட ஹோமோனைக் கூட்டும், அது கிட்டத்தட்ட ஒரு நாளைக்குக் குடலின்ர கதவைச் சாத்தி வைச்சிருக்கும். சுவிற்சர்லாந்தில சூரிச் ஆராய்ச்சியாளர் 2017இல வெளியிட்ட ஆய்வில, தினமும் குடிச்ச பெண்களுக்குக் குளிசை இரும்பில 16 வீதம் அளவும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிச்சவைக்கு 22 வீதம் அளவும் உறிஞ்சுப்பட்டுது. அதால ஒரு நாளைக்கு ஒண்டு காணும். வயிறு தாங்காதவை ஒரு நாள் விட்டுப் போடுறதைப் பற்றி டொக்டரோட கதைக்கலாம். கர்ப்பிணியள் மட்டும் கிளினிக்கில சொன்ன மாதிரியே போடவேணும், தாங்களா மாத்தக்கூடாது.

வெறுவயிறு நல்லம். முடியேல்ல எண்டால் கொஞ்சம் சாப்பிட்டிட்டுப் போடுங்கோ, போடாமல் விடுறதைவிட அது மேல். விற்றமின் சி குளிசை தனியா வாங்கவேணுமோ? 2020இல சீனாவில செய்த ஆய்வில அதைச் சேத்ததால பெரிசாக் கூடின பலன் தெரியேல்ல. கிளினிக்கில இலவசமாத் தந்தால் போடுங்கோ, அதுக்கெண்டு காசு செலவழிக்காதேங்கோ.

கிளினிக்கில தாற கல்சியத்தை இரும்போட சேத்துப் போடாதேங்கோ. இரண்டும் ஒரே பையில வாறபடியால் ஒரே வாயில போடுறவை கனபேர். கல்சியம் மத்தியானச் சாப்பாட்டோட, இரும்பு இரவு படுக்கப் போகேக்க எண்டு பிரிச்சு வையுங்கோ. தைரொயிட் குளிசை போடுறவை 4 மணித்தியாலம் இடைவெளி விடவேணும். காஸ்ரிக்குக்கு ஒமிப்பிரசோல் போடுறவைக்கு இரும்பு குறைவா ஏறும், டொக்டரிட்ட அதைச் சொல்லுங்கோ.

மலம் கறுப்பாப் போகும், பயப்பிடாதேங்கோ. ஆனால் தார் மாதிரி ஒட்டி, கடும் நாத்தத்தோட போனால் அது ரத்தமா இருக்கலாம், உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. மலச்சிக்கல் வந்தால் தண்ணியும் பப்பாசியும். பிள்ளையளுக்குச் சிரப் குடுத்தால் பல்லில கறை பிடிக்கும், ஸ்ரோவால குடிக்கக் குடுத்து வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கோ.

மூண்டு நாலு கிழமையில திருப்பி ரத்தம் பாக்கவேணும். ஹீமோகுளோபின் குறைஞ்சிருந்தவைக்கு 2 அளவு ஏறியிருக்கவேணும். ஏறேல்ல எண்டால் ஒண்டில் குளிசை ஒழுங்காப் போகேல்ல, அல்லது ரத்தம் இன்னும் எங்கையோ போகுது, அல்லது குடல் உறிஞ்சேல்ல. கடைசியா உள்ளவைக்கு நரம்பால ஏத்துற இரும்பு மருந்து இருக்கு. ஏறிச்சுது எண்டால் உடன நிப்பாட்டிடாதேங்கோ, இன்னும் மூண்டு மாசம் போடவேணும். கையிருப்பு நிரம்புறது அப்பத்தான்.

[திரையில்: சிவப்புப் பூச்சுள்ள குளிசை அட்டை, மேல் தட்டில பூட்டின பெட்டிக்குள்ள.]

இந்தக் குளிசை சிலது சிவப்பாப் பளபளவெண்டு இனிப்பு மாதிரி இருக்கும். 10 கிலோ நிறையுள்ள ஒரு பிள்ளை 65 மில்லிகிராம் குளிசை பத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உயரத்தில பூட்டி வையுங்கோ. பிள்ளை விழுங்கிப்போட்டுது எண்டு சந்தேகம் வந்தாலே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கோ, அல்லது உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ, அட்டையையும் கையில கொண்டு போங்கோ. சத்தி எடுத்திட்டுப் பிள்ளை விளையாடத் தொடங்கினாலும் போகத்தான் வேணும். முதல் சில மணித்தியாலத்துக்குப் பிறகு தெளிஞ்ச மாதிரித் தெரிஞ்சிட்டுத்தான் சிலருக்கு நிலைமை மோசமாகிறது.