தலைக்கு மேலே ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயங்களில், துணைக்கோள் தொலைக்காட்சிக்கான ஆஸ்ட்ரோ தட்டு இல்லாத வீடு அரிது. அந்தத் தட்டு ஏறக்குறைய உச்சி வானத்தைத்தான் பார்த்திருக்கும். கிழக்கு 91.5 டிகிரியில், பூமத்திய ரேகைக்கு 35,786 கிலோமீட்டர் மேலே மீசாட் துணைக்கோள்கள் இருக்கின்றன. பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் அவை நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரியும்; தட்டைத் திருப்பும் வேலையில்லை.

ஆனால் சும்மா விட்டால் நிற்காது. சூரியனும் நிலவும் இழுத்து, சுற்றுப்பாதையை ஆண்டுக்கு 0.8 டிகிரி அளவில் சாய்த்துவிடும். வெயிலும் தள்ளும், ஒளிக்கு அழுத்தம் உண்டு. எனக்குப் பிடித்தது மூன்றாவது காரணம்: பூமத்திய ரேகை சரியான வட்டமே இல்லை. அந்தச் சின்னக் கோணல் போதும், 91.5-இல் கைவிட்ட துணைக்கோள் மெல்ல மேற்கே, 75 டிகிரிப் பக்கம் நகரத் தொடங்கும். அந்த உயரத்தில் ஒரு டிகிரி என்பது 700 கிலோமீட்டருக்கும் மேல்.

இத்தனை விசைகளையும் சமன்பாடுகளில் போட்டு, நாளை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பார்கள். பிறகு தரையிலிருந்து சமிக்ஞை அனுப்பி, திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாது. தோட்டத்திலும் இதே கதைதான்: கங்காணி இந்த நிரையில் இத்தனை டன் செம்பனைக் குலை தேறும் என்பார், ஆலைத் தராசு வேறு சொல்லும். யாரை எவ்வளவு நம்புவது? 1960-இல் பொறியியலாளர் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டி முறை இதற்கு விடை தந்தது. கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கலாம், அளவையில் எவ்வளவு இருக்கலாம் என்று எடைபோட்டு, பிழை குறைந்த பக்கம் கூடுதலாகச் சாய்ந்து, ஒவ்வொரு புது அளவைக்கும் விடையைத் திருத்திக்கொண்டே போகும்.

2021 ஜூன் 21-இல் மீசாட்-3 கோளாறானபோது பல வீடுகளில் சேனல்கள் நின்றது நினைவிருக்கும். வீட்டில் நாடகம் போனதுதான் பேச்சாக இருந்தது. எனக்கோ வேறு கவலை: அதே 91.5-இல் மீசாட்-3ஏ, 3பி என்ற இரண்டும் இருந்தன. கட்டுப்பாடு இழந்த ஒன்று பக்கத்தில் இருக்கும்போது, மூன்றும் எங்கெங்கே என்ற மதிப்பீடு தவறினால் மோதும் ஆபத்து உண்டு. மழைக்குப் படம் போவது வேறு கதை, அது மழைத்துளி சமிக்ஞையை உறிஞ்சுவதால்.

நன்றாக இயங்கும் துணைக்கோளையும் அவ்வப்போது அதிலேயே உள்ள சிறு உந்துபொறியால் தட்டி இடத்தில் வைக்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் எரிபொருள் மிச்சம் வைத்து, சுமார் 300 கிலோமீட்டர் மேலே ஏற்றி ஓய்வு கொடுப்பார்கள். தொட்டியில் எவ்வளவு மீதி என்று குச்சி விட்டுப் பார்க்கவா முடியும்? இதுவரை எத்தனை நொடி எரித்தோம் என்பதைக் கூட்டி, அதையும் மதிப்பிடத்தான் வேண்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.