கல்லும் அதன் ஊரும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் உள்ளங்கையில் இப்போது ஒரு கல் இருக்கிறது. மெதுவடை அளவு. மங்கிய பழுப்பு நிறம். நடுவில் புள்ளியாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளியே வரவரத் தடித்துக்கொண்டே போகும் ஒரு சுருள். அதன் குறுக்கே வரிசையாக மேடுகள். நகத்தால் வருடினால் சீப்பின் பல்லை வருடுகிற சத்தம் வரும். மைக் அருகே கொண்டுவருகிறேன், கேளுங்கள்.

இது அம்மோனைட். கடலில் நீந்திய ஓர் உயிரின் ஓடு, கல்லாகிப்போனது. வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் ஆடு மேய்க்கப் போன என் மாமா, வேட்டியில் முடிந்துகொண்டு வந்து கொடுத்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. கல்யாணமாகி மும்பைக்கு வந்தபோது புடவைகளுக்கு நடுவே இதுவும் வந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் நத்தை என்பார்கள். நத்தைக்கு உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. அம்மோனைட்டின் ஓடு முழுக்க அறை அறையாகத் தடுக்கப்பட்டிருக்கும். உயிர் குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். வளர வளர அது முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். காலி அறைகளில் காற்று நிறைந்திருந்ததால் ஓட்டின் கனம் தெரியாமல் மிதக்க முடிந்தது. அதன் இன்றைய உறவைப் பார்க்க வேண்டுமானால், இங்கே மீன் சந்தையில் ஊசிக்கணவாய் வாங்கிப் பாருங்கள். முத்துச்சிப்பியை விட, நத்தையை விட, அதற்குத்தான் இது நெருங்கிய சொந்தம்.

இந்தக் கல்லில் நான் மிக நேசிப்பது, மேல் ஓடு உதிர்ந்துபோன ஒரு சிறு இடத்தை. அங்கே கொத்தமல்லி இலையின் விளிம்பை மை தொட்டு வரைந்ததுபோல் வளைந்து நெளிந்து ஒரு கோடு ஓடுகிறது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர், ஓட்டைத் தொடும் இடம் அது. ஒவ்வோர் இனத்துக்கும் அந்தக் கோட்டின் நெளிவு வேறு வேறு. அதைப் பார்த்துத்தான் இன்ன இனம் என்று சொல்கிறார்கள். அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறின, உலகக் கடல்களில் பரவியும் இருந்தன. அதனால் ஒரு மண்ணடுக்கில் எந்த இனம் கிடைக்கிறது என்று தெரிந்தால், அந்த அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் இன்று பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

2005 ஜூலை 26. மும்பைக்காரர்களுக்கு இந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. சயானில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் பொறுக்கிச் சேர்த்த 31 கற்கள் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றில் துழாவி எடுத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. கடலில் பிறந்தவை, தண்ணீர் அவற்றை என்ன செய்யும்? ஆனால் ஒவ்வொன்றோடும் நான் சுற்றி வைத்திருந்த காகிதச் சீட்டுகள் கூழாகியிருந்தன. எந்த ஓடை, எந்தக் கரை, எந்த வருடம் என்று பேனா மையில் எழுதியது எல்லாம் நீல நிறச் சேறாக விரலில் ஒட்டியது.

அன்று அழுதேன். கற்கள் இருக்கின்றனவே, ஏன் அழுகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். ஊர் தெரியாத கல் ஆய்வாளருக்குப் பாதிக் கல்தான். அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுருளின் இடுக்கில் காய்ந்துபோய் ஒட்டிய பழைய மண்தான் சாட்சி. மஞ்சள் களிமண்ணும் ஜிப்சம் துணுக்கின் மினுமினுப்பும் இருந்தால் அது காரை. கெட்டியான சுண்ணாம்புக்கல்லும் சிப்பி உடைசலும் ஒட்டியிருந்தால் அரியலூருக்கு அருகே கல்லங்குறிச்சிப் பக்கம். இப்படி ஒன்பது கற்களுக்கு ஊர் கிடைத்தது. நல்லவேளையாக, பளபளப்பாக இருக்கட்டும் என்று நான் எதையும் சுரண்டிக் கழுவவில்லை. நீங்களும் செய்யாதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷ், வெறும் தண்ணீர், அது போதும். வினிகர் வேண்டவே வேண்டாம், ஓட்டின் சுண்ணத்தை அது கரைத்துவிடும்.

இப்போது என் வழக்கம் வேறு. கல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையில் எண். அதன்மேல் நிறமில்லாத பாலிஷ் ஒரு பூச்சு. அதே எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம்: இடம், தேதி, தரையில் கிடந்ததா அல்லது அடுக்கிலேயே பதிந்திருந்ததா என்பது. அடுக்கில் பதிந்ததை நான் உளி வைத்துப் பெயர்ப்பதில்லை. படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். குவாரிக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதில்லை. வயலென்றால் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்வேன். மழைக்காலம் முடிந்ததும் போனால் ஓடைகள் தாமாகவே புதிய கற்களை வெளியே தள்ளியிருக்கும். பொறுக்க அதுவே போதும்.

இந்த ஒழுங்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் 150 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தவர். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, திருச்சிச் சீமையின் தொல்லுயிர்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். அம்மோனைட்டின் படத்தோடு, அது கிடைத்த ஊரின் பெயரையும் குறித்தார். ஊட்டத்தூர், ஒதியம் என்று நம் கிராமங்களின் பெயர்கள் அதில் உண்டு. அதனால்தான் இன்றைக்கும் ஒருவர் அந்த ஊருக்குப் போய் அதே அடுக்கைத் தேடிப் பார்க்க முடிகிறது. 1874இல், மத்திய ஆசியாவின் யார்கந்த் நகருக்குப் போய்த் திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்தார். அங்கே லே நகரில் அவருடைய கல்லறை இருக்கிறது.

மாட்டுங்காவில் எத்தனையோ வீடுகளில் பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருக்கிறீர்கள். சக்கரம் தெரியும் அந்தக் கறுப்புக் கல்லும் அம்மோனைட்டின் பதிவுதான். நேபாளத்தில் முக்திநாத் அருகே ஓடும் காளி கண்டகி ஆறு உருட்டிக் கொண்டுவருவது. திருமங்கையாழ்வார் பாடிய திருத்தலம் அது. சாளக்கிராமம் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர் என்பதை யோசித்துப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்பதையே கல்லுக்குப் பெயராக வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறியும் அந்தக் கல் தன் ஊரைத் தொலைக்கவில்லை.

2020இல் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஒரே பரபரப்பு. அம்மோனைட்டைச் சுற்றிச் சுண்ணம் இறுகிய உருண்டைகள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். முட்டை இல்லையா என்று பலருக்கு ஏமாற்றம். எனக்கு ஏமாற்றம் இல்லை. எங்கள் ஊர்க் கடலுக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

மும்பையில் தேடலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இங்கே கிடைக்காது. நாம் நிற்பது எரிமலைக் குழம்பு இறுகிய பாறைமேல். அந்தேரியில் கில்பர்ட் குன்று போய்ப் பாருங்கள், தூண் தூணாக 200 அடி உயரத்துக்கு நிற்கும் கறுங்கல். தக்காணத்தில் அந்த எரிமலைகள் பெருமளவு குமுறியது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அம்மோனைட்டுகள் உலகத்திலிருந்தே மறைந்த காலமும் அதுதான். மெக்சிகோப் பக்கம் விழுந்த விண்கல்தான் முக்கியக் காரணம் என்கிறார்கள். தக்காண எரிமலைகளின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதம். அந்தக் குன்றின் அடியில் நிற்கும்போதெல்லாம் என் கை தானாகப் பைக்குள் போய் இந்தக் கல்லைத் தொடும்.

வெள்ளத்துக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, மாமாவுக்கு போன் போட்டது. “மாமா, நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ ஒரு கல்லு குடுத்தீங்களே, அது எந்த ஓடை?” என்று கேட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவுல, கண்ணு. பாலத்துக்குக் கெழக்கால சாஞ்ச வேலமரம் ஒண்ணு நிக்கும் பாரு, அதுக்கு நேர் கீழ. செம்மண்ணு முடிஞ்சு மஞ்ச மண்ணு ஆரம்பிக்கிற எடம்” என்றார்.

அவர் சொன்னது சொன்னபடியே என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. எண் 1.

நன்றி, வணக்கம்.