வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. பெருக்கித் துடைத்து, ஒரு நாள் இரண்டு நாள் தங்க வருகிறவர்களுக்கு விடலாமே என்று தோன்றுகிறது. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். நல்ல யோசனைதான். நானும் பல வருடமாக இதைச் செய்துவருகிறேன். என்னிடம் விவரம் கேட்டு வருகிறவர்கள் கட்டில், மெத்தை, ஏசி என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "வந்தவர் தூங்கும்போது நீங்க எங்கே தூங்குவீங்க?"

அதே வீட்டில்தான் என்றால் மேற்கொண்டு பேசலாம். வேறு எங்கோ என்றால் அது வேறு தொழில். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு 'ஹோம்ஸ்டே', அதாவது வீட்டாரோடு தங்குவது, என்று பெயர் வைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

வீட்டையும் அறையையும் இணையம் வழியாகத் தங்க விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனம் எப்படித் தொடங்கியது என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்று இரண்டு இளைஞர்கள். வாடகை கட்டக் கையில் காசில்லை. ஊரில் ஒரு வடிவமைப்பு மாநாடு நடந்ததால் ஓட்டல்கள் நிரம்பிவிட்டன. இவர்கள் காற்றடைத்த மெத்தைகளைத் தரையில் விரித்து, மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். கவனியுங்கள், அந்த இருவரும் அன்றைக்கு அதே வீட்டில்தான் படுத்திருந்தார்கள். காலையில் முகம் பார்த்துப் பேசினார்கள். பிறகு அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ஒரே ஆள் முப்பது, நாற்பது வீடுகளை எடுத்து, எதிலும் குடியிருக்காமல், வாசலில் ஒரு சாவிப்பெட்டியும் நாலு இலக்க எண்ணுமாக நடத்துகிற காலமும் வந்தது.

அப்போதுதான் நகரங்கள் விழித்துக்கொண்டன. உள்ளூர்க்காரருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்ற குரல் எழுந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் சுமார் 10,000 குடியிருப்புகளின் உரிமத்தை 2028-க்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று பார்சிலோனா 2024-ல் அறிவித்தது. நியூயார்க் 2023 செப்டம்பரிலிருந்து ஒரு சட்டத்தைக் கறாராக நடைமுறைப்படுத்துகிறது. முப்பது நாளுக்குக் குறைவாக ஒருவரைத் தங்க வைத்தால் வீட்டுக்காரரும் கூடவே இருக்க வேண்டும். இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. உள்ளே இருக்கிற அறைகளைப் பூட்டி, நீ அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம் என்று பிரிக்கவும் கூடாது. நான் காலங்காலமாகத் தொண்டை வற்றச் சொல்வதை ஒரு மாநகரமே சட்டமாக வைத்திருக்கிறது பாருங்கள்!

கூடவே இருப்பதால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். ஒருமுறை ஒருவர் ராத்திரி வந்தார். விடிவதற்குள் ரயிலைப் பிடிக்க வேண்டும். அறை மாடியில், மரப்படிகள். பெட்டியை வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், எந்தப் படி சத்தம் போடும்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணாவது படிங்க. தாண்டி காலை வைங்க" என்றேன். விடியற்காலை படுக்கையில் விழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாக இறங்கி வருகிறார். கீழே நெருங்கியதும் ஒரு நிதானம். அப்புறம் ஒரு எட்டு கூடுதலாக வைத்த மாதிரி. சத்தமே இல்லை. கதவைச் சாத்தும்போது கொக்கியைக் கையால் பிடித்துச் சாத்தினார், அதுவும் எனக்குத் தெரிந்தது. உள்ளே ஆள் தூங்குகிறது என்று தெரிந்தவர் அப்படி நடப்பார். ஆளில்லாத வீட்டில் அவரே எப்படி இறங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நாம் அவருக்குப் பொறுப்பு, அவர் நமக்குப் பொறுப்பு. ஒரே கூரை செய்கிற வேலை அது.

இனி நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்பாள் என் மனைவி. நீங்கள் புதிதாகக் கேட்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். விடப்போகிற அறையில் முதலில் ஒரு ராத்திரி நீங்களே படுத்துப் பாருங்கள். பகலில் எட்டிப் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது. பெட்டியோடு போய்க் கதவைச் சாத்துங்கள். போனுக்குச் சார்ஜ் போட வேண்டும், பிளக் பாயின்ட் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். சுவிட்ச் கதவோரம், கட்டில் அந்தக் கோடியில். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் முட்டிக்கொண்டு போக வேண்டும். தெருவிளக்கு வென்டிலேட்டர் வழியே நேராக முகத்தில் அடிக்கும். ஈரத்துண்டைப் போட ஒரு ஆணி இருக்காது. குளியலறைத் தாழ்ப்பாள் இருக்கிறதே, கதவைக் கொஞ்சம் தூக்கினால்தான் விழும். நம் கைக்கு அது பழகிவிட்டது, தூக்குகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. வந்தவர் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் குளித்துவிட்டு வருவார். "வசதியா இருந்துதா?" என்று கேட்டால் "ரொம்ப வசதிங்க" என்பார். வேறு என்ன சொல்வார்?

அதனால்தான் தங்கிப் போனவர்கள் இணையத்தில் போடுகிற இந்த நட்சத்திர மதிப்பெண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் பார்த்தபோது, ஏர்பிஎன்பியில் மதிப்பெண் பெற்ற இடங்களில் ஏறக்குறைய 95 சதவீதம் ஐந்துக்கு நாலரை அல்லது ஐந்து வாங்கியிருந்தன. முகம் பார்த்துப் பழகியவரைக் குறைத்துப் போட மனசு வராது. ஆகவே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், படுத்துப் பாருங்கள்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. விருந்தாளியிடம் காசு வாங்கலாமா என்று சங்கடப்படுகிறவர்கள் உண்டு. காசே வாங்காத மரபும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1949-ல் டென்மார்க்கில் தொடங்கிய சர்வாஸ் அமைப்பில் உறுப்பினர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் இலவசமாகத் தங்குகிறார்கள். நாடுகளுக்குள் பகை குறையட்டும் என்பது நோக்கம். உயர்ந்த காரியம். ஆனாலும் என் கட்சி வேறு. இலவசமாகத் தங்குகிறவர் இன்னொரு போர்வை கேட்கக்கூடக் கூச்சப்படுவார். காசு கொடுத்தவர் கேட்பார். கேட்க வேண்டும். நியாயமான தொகையை முன்கூட்டியே சொல்லி வாங்கிவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

கேமரா பற்றியும் கேட்கிறார்கள். வீட்டுக்குள் கேமராவே கூடாது என்று ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் கடைசியில் தடை போட்டுவிட்டது. நீங்கள் வீட்டில் இருந்தால் கேமரா எதற்கு?

பக்கத்து வீட்டுக்காரர், வரி, பதிவு என்று ஒரு காகிதம் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டிவிட்டார்கள். சரி, பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; சட்டத்துக்கு உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்றே ஒன்று, இதை விட முடியாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால், ஆள் வருவதற்கு முன் அதைக் காற்றோட்டமான வெளிச்சுவருக்கு மாற்றிவிடுங்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக் குளியுங்கள் என்று சீட்டு எழுதி ஒட்டுவதெல்லாம் போதாது, மாற்றிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.