மறுபடியும் மேமோகிராமா?

அவையோருக்கு வணக்கம்.

"ஆறு மாசத்துல திரும்ப வரச் சொல்லிட்டாங்க டாக்டர். இத்தனை தடவை எக்ஸ்ரே எடுத்தா, இல்லாத புற்றுநோயும் வந்துடாதா?" மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மேமோகிராம். அதை எடுக்கும் எங்கள் துறையில் இந்தக் கேள்வி கேட்காத வாரம் இல்லை. அசட்டுக் கேள்வி என்று யாராவது சிரித்தால் நான் ஒப்பமாட்டேன். இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு.

காசநோய்க்கு மருந்து வராத காலத்தில் நுரையீரலைச் சுருங்கவைத்து வைத்தியம் செய்தார்கள். சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க, இளம்பெண்களை ஃப்ளூரோஸ்கோபி கருவிமுன், அதாவது உடலுக்குள் நடப்பதை எக்ஸ்ரே கதிரால் நேரடியாகத் திரையில் காட்டும் கருவிமுன், திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள். சிலரை நூறு தடவைக்கும் மேல். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் அதிகம் வந்ததை 1965-இல் கனடா மருத்துவர் இயான் மெக்கன்சி எழுதினார். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிய பெண்களிடமும் அதுவே தெரிந்தது. சிறுவயதில் கதிர் பட்டவர்களுக்கே ஆபத்து கூடுதல். ஆக, கதிர்வீச்சு மார்பகத்துக்குக் கெடுதல்தான். எவ்வளவு, எந்த வயதில் என்பதுதான் பேச்சு.

மேமோகிராமில் இரு மார்பகத்துக்கும் சேர்த்து நான்கு படம் எடுத்தால் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட்; கதிரால் உடலுக்கு வரும் ஆபத்தை அளக்கும் அலகு அது. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே ஆண்டுக்கு 2.4 வந்து சேர்கிறது; அது உலகச் சராசரி. அப்படியானால் இது இரண்டு மாதக் கணக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு, எங்கள் ஆட்கள் பலர் சொல்வதில்லை. 0.4 என்பது முழு உடலுக்கும் பரப்பிப் போட்ட எண். மார்பகத் திசு மட்டும் வாங்குவது 3, 4 மில்லிகிரே; திசு உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு இது.

அதைக் குறைக்கத்தான் படம் எடுக்கும்போது மார்பகத்தை அழுத்தும் அந்தத் தட்டு. வலிக்கிறது என்று திட்டுகிறீர்களே, அதேதான்! திசுவை அழுத்தித் தட்டையாக்கினால் குறைந்த கதிரே ஊடுருவிவிடும், படமும் தெளிவாக விழும். "கொஞ்சம் லூசா வையம்மா" என்று கெஞ்சி, படம் மங்கினால் இன்னொரு படம் எடுக்க வேண்டியதுதான்.

வருடா வருடம் எடுத்தால் என்ன ஆகும்? 2016-இல் கணினி மாதிரியைக் கொண்டு மதிப்பிட்டார்கள். ஒரு லட்சம் பெண்கள், 40 வயது முதல் 74 வரை, ஆண்டுதோறும். கதிர்வீச்சால் 125 பேருக்குப் புற்றுநோய், 16 பேர் மரணம். சோதனையால் தடுக்கப்படும் மரணங்கள் 968. அந்த 16 பூஜ்யம் அல்ல, அதை நான் ஒளிக்கமாட்டேன். 50 வயதில் தொடங்கி இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றால் கதிர்வீச்சு ஆபத்து ஐந்தில் ஒரு பங்காகிறது. 'எதற்கும் இருக்கட்டுமே' என்று வருடத்துக்கு இரண்டு முறை எடுத்துக்கொள்கிறவர்களைத்தான் நான் தடுப்பேன்.

முப்பதுக்குள் இருப்பவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் தொடங்குவோம். மார்பகப் புற்றுநோய் வரவைக்கும் பரம்பரைக் கோளாறு இருந்தால் எம்ஆர்ஐ. இரண்டிலும் எக்ஸ்ரே கிடையாது.

ஆறு மாதத்தில் வரச் சொன்னார்களே, அதைச் சொல்லிவிடுகிறேன். 'அநேகமாகச் சாதாரணக் கட்டி' என்று எழுதும் வகை அது; புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. முதல் தடவை பெரும்பாலும் அந்த ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதும். "இரண்டு பக்கமும் வேண்டுமா, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதாதா?" என்று தாராளமாகக் கேளுங்கள். பழைய படங்களையும் சிடியையும் கையோடு கொண்டுவாருங்கள். முன்பே இருந்த புள்ளிதான் என்று தெரிந்தால், பல நேரம் கூடுதல் படமே தேவைப்படாது.